மமதாவைக் கூப்பிட்ட நாள்

ஆபீசில் மத்தியான டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. தர்ஷினி என்று ஒரு பெண். பெண்கள் தொழில்முறை கால்பந்துக்கென்று எலெக்ட்ரானிக் சிட்டியில் புதிதாக ஒரு புகழ் மண்டபம் கட்டியிருக்கிறார்களாம். ஹால் ஆஃப் ஃபேம். அதில் வைக்கப்போகும் முதல் ஏழு பேரில் நானும் ஒருத்தியாம். மூச்சு விடாமல் சொன்னாள்.

"கங்கிராட்ஸ் மேடம்! உங்க பேர கிரானைட் கல்லுல செதுக்கறாங்க மேடம். பர்மனென்ட்!"

டப்பாவை மூடிவிட்டேன். பக்கத்து சீட் ஆள் என்ன மேடம் கெட்ட செய்தியா என்று கேட்டார். இல்லை, நல்ல செய்திதான் என்றேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்கள் செதுக்கப்போகும் பெயர் மமதா. அது என் பெயர் இல்லை, என் தங்கையின் பெயர். அவள் செத்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது.

என் பெயர் சின்னத்தாயி. நான் வீட்டில் பிறந்தவள், எனக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. மூன்று வருடம் கழித்து மமதா, நாங்கள் அப்போது குடியிருந்த அடுகோடியில், ஆஸ்பத்திரியில் பிறந்தாள், அவளுக்கு இருந்தது. 2001 மே லீவில் கோலார் தங்கவயலில் சித்தி வீட்டுக்குப் போனவள், காய்ச்சல் என்று படுத்து நான்கே நாளில் போய்விட்டாள். பன்னிரண்டு வயது. அங்கேயே புதைத்துவிட்டு வந்தோம். ஜூன் முதல் வாரம் பதினான்கு வயதுக்குட்பட்ட மாநில அணிக்குத் தேர்வு. எனக்கோ பதினைந்து முடிந்திருந்தது.

ஃபிராங்க்ளின் சார்தான் என் கோச். காக்ஸ் டவுன்காரர், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். துக்கம் விசாரிக்க வந்தார், டீ குடித்தார், அப்பாவைத் தெருமுனைவரை கூட்டிக்கொண்டுபோய்ப் பேசினார். திரும்பி வந்த அப்பா பீரோவைத் திறந்து மமதாவின் சான்றிதழை எடுத்து அவர் கையில் கொடுத்தார். வயதைக் குறைப்பதெல்லாம் அந்தக் காலத்தில் பெரிய விஷயமே இல்லை. எங்கள் டீமில் பதினொரு பேரில் ஆறு பேருக்கு இரண்டு பிறந்தநாள். செத்தவளின் பிறந்தநாளை எடுத்துக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. சாவைப் பதிய வேண்டாம். பதினாறாம் நாள் காரியம் வேண்டாம். புதைத்த இடத்தில் பெயர் போட்டுக் கல் வைக்க வேண்டாம். தெருவில் யாராவது கேட்டால் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அம்மா சத்தம் போட்டு அழக்கூடாது. லைன் வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். மூன்றே மாதத்தில் அடுகோடியைக் காலி செய்துவிட்டுக் காக்ஸ் டவுனில் ஒரு சந்துக்குள் குடிபோனோம். அங்கே நான் மமதா. சின்னத்தாயி என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. பழைய பெயர் வாய் தவறிக்கூட வரக்கூடாது என்று அப்பா அம்மாவிடம் சொல்லி வைத்தார். அம்மா சரி என்றாள். அன்றிலிருந்து பழைய பெயரும் சொன்னதில்லை, புதுப் பெயரும் சொன்னதில்லை. இந்தா, ஏய், அவ்வளவுதான்.

எனக்கு ஒன்றும் தெரியாது, பெரியவர்கள் செய்தது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பதினைந்து வயதுக் கழுதைக்கு எல்லாம் தெரியும். எனக்குப் பந்து வேண்டும். அதற்கு என்ன கேட்டாலும் கொடுத்திருப்பேன், கொடுத்தேன்.

கேட்டதெல்லாம் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். மாநில அணி, பிறகு தேசிய அணி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சர்க்கார் வேலை. பெண்கள் லீக் ஆரம்பித்ததும் ஒப்பந்தம், சம்பளம், தொண்ணூற்றொரு கோல். முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றேன், பேப்பரில் முப்பத்து மூன்று. கேலரி முழுக்க மமதா மமதா என்று கத்தும். அப்பா இருந்தவரை ஒரு மேட்ச் விடாமல் வந்தார். அம்மா ஒன்றுக்குக்கூட வந்ததில்லை. இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். எந்தப் பேரப் பத்திரிகையில அடிக்கிறது என்று அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இதையெல்லாம் தர்ஷினியிடம் எப்படிச் சொல்வது? வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சரி என்றேன். விழா எப்படி நடக்கும் என்று அவள் விளக்கினாள். ஒவ்வொரு வீராங்கனையின் அம்மாவும் மேடைக்கு வந்து, மைக்கில் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். மகள் மண்டபத்தின் பின்கதவிலிருந்து 'வந்துட்டேன்' என்று குரல் கொடுத்துவிட்டு, ஜனங்களுக்கு நடுவே நடந்து மேடைக்கு வர வேண்டும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கல்லின் திரையை விலக்க வேண்டும்.

"சின்ன வயசுல விளையாடிட்டு இருக்கும்போது அம்மா கூப்பிடுவாங்க இல்ல மேடம், அதான் ஐடியா. செம எமோஷனலா இருக்கும்."

"எங்க அம்மாக்கு உடம்பு சரியில்லம்மா. அவங்க வரமாட்டாங்க."

"அய்யோ, பரவால்ல மேடம். பாத்துக்கலாம்."

என்ன பார்த்துக்கொண்டாள் தெரியுமா? அடுத்த வியாழக்கிழமை ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்தால் கூடத்தில் இரண்டு காலி டீ டம்ளர். அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு பொண்ணு வந்துச்சு. சின்ன வயசு போட்டோ வேணும்னு கேட்டுச்சு. குடுத்தேன்."

"எந்தப் போட்டோம்மா?"

"இருக்கறது ஒண்ணுதானே."

லால்பாக் கண்ணாடி மாளிகை முன்னால் எடுத்தது. நானும் மமதாவும். அவள் தோளில் நான் கை போட்டுக்கொண்டிருப்பேன்.

"அதுல ரெண்டு பேர் இருக்கோமே! அந்தப் பொண்ணு எதுவும் கேக்கலயா?"

"மமதா யாருன்னு கேட்டுச்சு. காட்டுனேன்."

"யாரக் காட்டுன?"

அம்மா என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "மமதாவத்தான்," என்றாள்.

அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. அவள் எழுந்துபோய் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள், அரிசி களைந்தாள், எல்லாம் எப்போதும்போல.

"விழாக்கும் கூப்பிட்டுச்சு. வரேன்னு சொல்லிட்டேன்," என்றாள் அடுப்பைப் பார்த்தபடியே.

"அம்மா, வேணாம்மா. விஷயம் வெளிய வந்தா வேலை போயிடும். கேஸ் போடுவாங்க. வாங்குன மெடல் எல்லாத்தயும் பிடுங்கிப்பாங்க."

"நான் என்ன பண்றேன்? பேரச் சொல்லிக் கூப்பிடணும்னாங்க. கூப்பிடறேன். வரவ வரட்டும்."

நான் தர்ஷினிக்குப் போன் போட்டு வேறு போட்டோ அனுப்புகிறேன் என்றேன். டிசைன் பிரிண்டுக்குப் போயிடுச்சு மேடம், அம்மாவே செலக்ட் பண்ணது, சூப்பரா வந்திருக்கு, சர்ப்ரைஸ் என்று சிரித்தாள். அழுத்திக் கேட்டால் சந்தேகம் வரும். வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொள்வதில் எங்கள் குடும்பத்துக்கு நல்ல பழக்கம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் நேரம் பார்த்துச் சர்ச் வாசலில் ஃபிராங்க்ளின் சாரைப் பிடித்தேன். எழுபத்திரண்டு வயது, இன்னும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. விழாவில் அவருக்கு முதல் வரிசையில் இடம், மரியாதைக்கு ஒரு சால்வை என்று ஏற்பாடு. விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எதுக்கும்மா இவ்ளோ டென்ஷன்? ஆதார்ல நீ மமதா. பாஸ்போர்ட்ல மமதா. நாளைக்கு பென்ஷன் வந்தா அதுலயும் மமதா. செத்தது சின்னத்தாயின்னு வெச்சுக்கோயேன். முடிஞ்சுது."

வயசானவர், சர்ச் வாசல், சுற்றிலும் ஜனம். இல்லாவிட்டால் அன்றைக்கு அவர் கன்னம் பழுத்திருக்கும். அவர் குடையை ஊன்றிக்கொண்டு கிளம்பினார். இரண்டடி போய்த் திரும்பி, "அம்மாவ மட்டும் எப்டியாவது வீட்லயே நிறுத்திடு," என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

விழாவுக்கு நான்கு நாள் முன்னால் கல்லைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கமிட்டிச் செயலாளர் வெங்கடராமன் வாசலிலேயே காத்திருந்தார். ரிட்டயர்டு அதிகாரி. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஏழு கல்லையும் சுவரோரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். கறுப்பு கிரானைட், என் இடுப்பு உயரம், மேல்பக்கம் வளைவாக. நிற்கிற வரிசையைப் பார்த்தால் சுடுகாட்டுக்குள் நுழைந்த மாதிரிதான் இருந்தது. மூன்றாவது என்னுடையது. மமதா சுந்தரம் என்று அப்பா பெயரோடு போட்டு, கீழே 1989 என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்புறம் வெற்றிடம்.

"இந்தக் கோடு எதுக்கு சார்?"

"எல்லாருக்குமே அப்படித்தாம்மா போட்டிருக்கோம். பின்னாடி ஒரு நாள் நிரப்பணும் இல்லையா? கல்லு நம்மள விட ரொம்ப நாள் இருக்குமே." சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினார். "கொடுத்த விவரமெல்லாம் உண்மைன்னு ஒரு கையெழுத்து. வெறும் ஃபார்மாலிட்டி. தப்புன்னு தெரிஞ்சா மட்டும் நாங்க உங்க டிபார்ட்மென்டுக்கு எழுதவேண்டி வரும்."

மமதா என்று கையெழுத்துப் போட்டேன். இருபத்து நான்கு வருடமாகப் போடுகிற கையெழுத்துதான். மமதாவுக்குக் கோலார் மண்ணில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. இங்கே பளபளவென்று கல் தயாராக இருக்கிறது, வருடத்தை நிரப்ப இடமும் விட்டு.

விழா சாயங்காலம் ஐந்து மணிக்கு. அம்மா காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டாள். அனுப்பியிருந்த காரில் ஏறினோம். ஓசூர் ரோட்டுக்காக அடுகோடிப் பக்கம் திரும்பியதும் அம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னாள். நாங்கள் குடியிருந்த லைன் வீடு இப்போது இல்லை, டயர் கடை ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அவளுக்கு இந்த வீடுதான் தெரியும். காக்ஸ் டவுனுக்கு வழி தெரியாது," என்றாள்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மேம்பாலம் ஏறி எலெக்ட்ரானிக் சிட்டி போய்ச் சேரும்வரை அம்மா ஜன்னல் கண்ணாடியை ஏற்றவே விடவில்லை. காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்கு நடை நின்றுவிட்டது. மேடைக்குப் பக்கச் சுவரில் ஏழு படம், ஒவ்வொன்றும் ஆறடி உயரம். மூன்றாவதில் மமதா நின்றாள். எண்ணெய் வழிய வாரிய இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று லேசாகத் தூக்கியிருக்கும், அதே சிரிப்பு. என்னைப் படத்திலிருந்து வெட்டி எடுத்துவிட்டார்கள். அவள் தோளில் என் விரல்கள் நான்கு மட்டும் மிச்சம் இருந்தன. யாருடைய கை என்று தெரியாத நாலு விரல்.

"அப்டியே உங்க கண்ணு மேடம்!" என்று தர்ஷினி குதித்தாள். "அந்தக் கைய எரேஸ் பண்ண டைம் கிடைக்கல, சாரி."

அம்மா படத்துக்குக் கீழே போய் நின்றாள். அவளுக்கு எட்டிய இடத்தில், பாவாடை ஓரத்தில், உள்ளங்கையை வைத்துத் தடவினாள். சரி செய்வதுபோல் ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். போட்டோக்காரன் ஒருத்தன் அதைப் படம் பிடித்தான்.

என்னைப் பின்கதவுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். முதல் அம்மா மணிப்பூரிலிருந்து வந்தவர், மெல்லிய குரலில் கூப்பிட்டார், மகள் ஓடினாள், எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது அம்மா மைக்கைப் பிடுங்கி, "ஏய், எங்கடி போய்த் தொலைஞ்சே, வாடி!" என்று கத்தியதில் மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் அம்மாவை மேடையேற்றிவிட்டார்கள். மைக் அவள் கைக்குப் பெரிதாக இருந்தது.

"மமதா," என்றாள்.

சத்தமாக இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிற குரல். அந்தக் குரலை நான் பதினைந்து வயதுக்குப் பிறகு கேட்டதே இல்லை.

நான் வந்துட்டேன் என்று சொல்ல வேண்டும், ஒரே ஒரு வார்த்தை. வாய் திறக்கவில்லை. பழைய ரசிகர்கள் பத்துப் பதினைந்து பேர் எழுந்து மமதா, மமதா என்று கத்த ஆரம்பித்தார்கள். அம்மா கையை உயர்த்தினாள். அடங்கினார்கள்.

"மமதா!" கொஞ்சம் பலமாக.

தர்ஷினி என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "மேடம், கோ, கோ! ஏனாயித்து, என்னாச்சு?" என்று காதில் கிசுகிசுத்தாள். எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. அவள் கண் இன்னொரு கதவில் இருந்தது, தெருவைப் பார்த்துத் திறந்திருந்த பெரிய வாசலில்.

"மமதா..."

மூன்றாவது தடவை குரல் உடைந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைக் காட்டிக்கொடுக்க வருகிறாள் என்று பத்து நாளாகப் பயந்து செத்தேனே, என்னைப் பற்றிய நினைப்பே அவளுக்கு இல்லை. அவள் தன் பெண்ணைக் கூப்பிட வந்திருக்கிறாள். இத்தனை வருடமாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஒருத்தரும் அவளை விடவில்லை. இன்றைக்கு மைக்கைக் கொடுத்துச் சொல்லச் சொல்கிறார்கள். அதற்கு நான் வந்துட்டேன் என்று போய் நின்றால், பாவி, என்னைவிடக் கேடுகெட்டவள் யார் இருக்க முடியும்?

நடந்தேன். முதல் வரிசையைத் தாண்டும்போது ஃபிராங்க்ளின் சார் என் புடவையைப் பிடித்து இழுத்தார். "வந்துட்டேன்னு சொல்லு. சொல்லித் தொலை," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. கையைத் தட்டிவிட்டு மேடையேறினேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். வாசலை மறைத்துக்கொண்டு நிற்கும் யாரையோ பார்ப்பதுபோல.

"அவ எங்க?" என்று கேட்டாள். மைக் அவள் வாயருகே இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அவ வரமாட்டாம்மா."

"ஏன்?"

"செத்துப்போயிட்டாம்மா. தங்கவயல்ல, சித்தி வீட்ல, காய்ச்சல் வந்து. நாமதான் புதைச்சோம்."

யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. நான் ஜனங்கள் பக்கம் திரும்பினேன்.

"அந்தப் படத்துல இருக்கறதுதான் மமதா. என் தங்கச்சி. பன்னெண்டு வயசுல செத்துப்போச்சு. நான் சின்னத்தாயி. விளையாடறதுக்காக அவ சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டேன். சார் கேட்டாரு, எங்க அப்பா குடுத்தாரு, நான் வாங்கிக்கிட்டேன். கோல் எல்லாம் நான் போட்டது. பேரு அவளது."

ஃபிராங்க்ளின் சார் சால்வையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு வெளியே நடந்தார். வெங்கடராமன் எழுந்து நின்று, சவுண்டு பெட்டிக்காரனைப் பார்த்து வேண்டாம், நிறுத்து என்று கையைக் காட்டினார்; அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான், நிறுத்தவில்லை. இனி வேலை இல்லை, பென்ஷன் இல்லை, அந்தக் கல்லையும் நாளைக்கே பெயர்த்துவிடுவார்கள். எல்லாம் அந்த ஒரு நொடியில் தெரிந்தது, பயமும் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அம்மா அப்படியே மேடையில் உட்கார்ந்தாள். காலை நீட்டி, மைக்கை மடியில் போட்டுக்கொண்டு, சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி. முதலில் வெறும் மூச்சுதான் வந்தது. பிறகு மார்பில் ஒரு அடி அடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"பன்னெண்டு வயசுடி உனக்கு! என் கண்ணு, பன்னெண்டு வயசுடி! வாய விட்டு அழக்கூட விடலயேடி என்ன..."

ஒலிபெருக்கிகள் வழியாக மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் அம்மா அழுதாள். அந்த மணிப்பூர் அம்மா எழுந்துவந்து மேடைக்குக் கீழே நின்று, பாஷை புரியாமலே அழுதார். தர்ஷினி முகம் வெளுத்துப்போய், மைக்கை வாங்கிவிடலாம் என்று குனிந்தபடி கிட்டே வந்தாள். வெங்கடராமனும் படியேறிக்கொண்டிருந்தார்.

நான் அம்மாவுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டேன்.

"யாரும் கிட்ட வராதீங்க. அவ அழுது முடிக்கட்டும்," என்றேன்.